டிரில் மிஷினில் கிளவுஸ்

இன்று காலை பவுண்டரிக்குப் புது கிளவுஸ் கட்டு வந்தது. பிரித்ததும் பஞ்சு நூல் வாடை அடித்தது. நிமிர்ந்து பார்த்தால், டிரில் மிஷினில் நிற்கிறவர் கிளவுஸ் மாட்டிய கையோடு, வார்த்தெடுத்த காஸ்டிங்கைப் பிடித்துத் துளை போட்டுக்கொண்டிருக்கிறார். ஓடிப்போய் சுவிட்சை அணைத்து, "கழத்துங்க அத!" என்று கத்தினேன். அவர் மிரண்டுபோய் சுவரில் இருந்த போர்டைக் காட்டினார். "நீங்கதான சார் எழுதிப் போட்டிய?"

நான்தான். உன் விபத்துக்குப் பிறகு எழுதியது, மாப்ள. "கிளவுஸ் இல்லாமல் இங்கே வேலை செய்யக் கூடாது."

அன்றைக்கு வெளியூர் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வந்தார்கள். எல்லார் கையிலும் கிளவுஸ் தெரியணும் என்பது முதலாளி உத்தரவு. காஸ்டிங் தூக்கும்போது நீயும் போட்டிருந்தாய். டிரில்லுக்கு வந்ததும் கழற்றி வைத்தாய்.

"ஏலே டிப்ளமா, சுத்துற பிட்டுல நூலு மாட்டுனா கையையும் சேத்துல்லா இழுக்கும். ஒங்க காலேஜுல சொல்லித் தரலியா?"

சொல்லித் தந்தார்கள். முதல் வருஷமே. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனாலும், "வியாக்கியானம் பேசாத மாப்ள, போடு. உள்ள வந்துட்டாங்க" என்றேன். செத்த நேரம் மிஷினை நிறுத்தி வைத்திருக்கலாம். அதற்குக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது. கிளவுஸோடு சேர்ந்து உன் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு நீயே சொன்னாய்: "ரிப்போர்ட்ல நான் கிளவுஸ் போடலன்னே எழுதிக்கோ. ஒனக்கு இப்பத்தான வேல நெரந்தரமாச்சு." எழுதினேன். ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆறு மாதத்தில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. நான் எழுதியது அப்படியே நின்றுவிட்டது.

இன்று போர்டைக் கழற்றினேன். முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். நேராக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி, மடவார் வளாகத்தில் உன் வீட்டுக்குப் போய், உன் மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அப்ப அவிய போட்டுத்தான் இருந்தாவியளா?"

தலையாட்டினேன்.

"அவிய எடது கையால சோறு பெசையும்போதெல்லாம் ஏசுனேனே அண்ணே. ஒரு கிளவுஸ மாட்டத் துப்பில்லையான்னு, சாகுற வரைக்கும் ஏசுனேனே. ஒரு நாளாவது வாயத் தொறந்தாவியளா?"

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் மனசுப் பாரத்தை இறக்கி வைக்கப் போய், அவர் தலையில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன். அவர் ஏசியதெல்லாம் எனக்கு வரவேண்டியது. நீ அதைச் சோற்றோடு சேர்த்து விழுங்கியிருக்கிறாய். இனி ஒவ்வொரு வேளையும் அந்தக் குரல் எனக்குக் கேட்கும். கேட்க வேண்டும்.