கேட்காமல் விட்ட இருட்டு

ஐப்பசி 18, வியாழன்

காலையிலிருந்து மழை. ஏலக்காய் ஸ்டோர் வாசல் வரை மஞ்சு. பெட்டிக் குடிசையில் ஒரு தகரம் காற்றில் தூக்கிவிட்டது, கல் ஏற்றி வைத்தேன். தார்ப்பாய்க்குள் ஈரம் இறங்கவில்லை. ஈரவாடை போகக் கரிச்சட்டி கொஞ்ச நேரம் உள்ளே.

வெளிச்சக் குறிப்பு: இல்லை. பெட்டி ஓடவில்லை.

பெட்டியை இங்கே வைத்த மணி சார் இந்த டைரியைக் கொடுத்தது ராத்திரி வெளிச்சங்களை எழுத. லாரி விளக்கு, மின்னல், டார்ச், எந்தப் பக்கம், எவ்வளவு நேரம். மழை நாளில் எழுத ஒன்றும் இல்லை. வெறும் தாளைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. என் பாட்டை எழுதி வைக்கிறேன். பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவன். தலை நரைத்த பிறகு மாதா கோயில் உபதேசியாரிடம் எழுத்துக் கூட்டக் கற்றது. கை மெதுவாகத்தான் வரும். ஞாபகம் மட்டும் பழுதில்லை.

பெட்டி மூன்று பேர் தூக்கும் கனம். மேல் மூடியைத் திறந்தால் நாலு கண்ணாடிக் குழாய், வானத்தைப் பார்த்தபடி. கீழே காகிதச் சுருள், பேனா முள். நிலா இல்லாத தெளிந்த ராத்திரியில் மட்டும் திறப்பது. என் வேலை இருட்டைக் காப்பது. தோட்ட லயத்து ஆட்கள் வைத்த பெயர் "இருட்டு மேஸ்திரி".

ஐப்பசி 20, சனி

மழை விட்டு விட்டு. முழங்கால் வலி. டீத்தூள் தீர்ந்தது.

மணி சார் கல்பாத்திக்காரர். கல்யாணம் ஆகவில்லை. இந்தப் பெட்டியோடுதான் குடித்தனம் என்பான் மாரியப்பன் (இனி மா.). மா. லயத்தில் என் பக்கத்து வீடு. என்னை மாமா என்பான். அவன் முருகன் படத்துக்கு விளக்கு வைப்பவன், நான் மாதாவுக்கு. அதை வைத்து இத்தனை வருஷத்தில் ஒரு மனஸ்தாபம் வந்ததில்லை.

சாரிடம் இன்று மறுபடி கேட்டேன், பெட்டி தேடும் அந்த வெடிப்பு எங்கே என்று. அவருக்குச் சலிப்பதே இல்லை.

"எங்கேன்னு தெரிஞ்சா நான் ஏன் இந்த மஞ்சுல வந்து கெடக்கறேன் சவரிமுத்து? ரொம்ப ரொம்ப தூரம். எதுவோ வெடிக்கறது. அதுலேந்து காமாக் கதிர் வரது. நம்ம கண்ணுக்குப் பிடிபடாது. மேல் காத்துல வந்து பட்டா, காத்து துளி மினுங்கும். அதைத்தான் பெட்டி பாக்கணும்."

எவ்வளவு நேரம் என்றேன். சில நொடிதான், சிலது அதுகூட இல்லையாம். எந்தத் திசை, எந்த ராத்திரி, யாருக்கும் தெரியாது. வந்தது மறுபடி வராது. எவனாவது அணுகுண்டு வெடிக்கிறானா என்று வேவு பார்க்க வெளிநாட்டான் மேலே விட்ட சாட்டிலைட் தற்செயலாகக் கண்டுபிடித்ததாம்.

"வெடிச்சு முடிஞ்ச எடத்துல தணல் கெடக்குமா சார்?"

நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "கெடக்கணும். நானும் அதான் நெனைக்கறேன். யாரும் இதுவரை பாத்ததில்லை."

ஐப்பசி 22, திங்கள்

மேகம் கலைகிறது. மத்தியானம் போடி ஊர் கீழே பளிச்சென்று தெரிந்தது.

சார் முகம் சரியில்லை. ஆபீசிலிருந்து சொல்லிவிட்டார்களாம், இந்தப் பருவம்தான் கடைசி. பெட்டி ரெண்டு. ஒன்று இங்கே. இன்னொன்று பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதியில், பழனிச்சாமி என்பவர் தோட்டத்தில். ரெண்டும் ஒரே நொடியில் முள்ளை அசைத்தால்தான் அது வானத்துச் சங்கதி. ஒன்று மட்டும் அசைந்தால் லாரியோ மின்னலோ, தள்ளிவிட வேண்டியது. ரெண்டு வருஷமாக ரெண்டும் சேர்ந்து ஒரு தடவைகூட அசையவில்லை.

"ஒரே ஒரு தடவை போரும். இல்லையானா பெட்டியைத் தூக்கிண்டு போயிடுவா. நான் ஏதாவது காலேஜ்ல போய்ப் பாடம் எடுக்க வேண்டியதாக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார்.

மா. வீட்டில் தடபுடல். மகளுக்குத் தலைதீபாவளி. சின்னமனூரிலிருந்து மாப்பிள்ளை வருகிறார். சரவெடி, அணுகுண்டு, ராக்கெட் எல்லாம் ஒரு கள்ளிப்பெட்டி நிறைய.

"மாமா, இந்த வருசம் போடியில இருக்கவன் எந்திரிச்சு மலையப் பாக்கணும்" என்றான்.

அவன் பெண்சாதி உள்ளேயிருந்து, "ஊருக்கெல்லாம் வெளக்குப் போட சம்பளம் குடுப்பாக, இவருக்கு அணைக்கச் சம்பளம். அவருகிட்டப் போய் வெடியப் பத்திச் சொல்லுதீரே!" என்றாள். எல்லோரும் சிரிப்பு. நானும்.

ஐப்பசி 24, புதன்

வானம் கழுவிவிட்டது போல. ஒரு பொட்டு மேகமில்லை. இந்தப் பருவத்தில் இதுதான் முதல் முழுத் தெளிவு. நிலாவும் இல்லை. ஆனால் விடிந்தால் தீபாவளி.

சார் கேட்டார், "திறக்கலாமா?"

வேண்டாம் என்றேன்.

இந்த மேட்டுத் தீபாவளி ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். முதல் வெடி மா. வீட்டு வாசலில்தான், விடிய வெகுநேரம் இருக்கும்போதே. அவன் அப்பா காலத்தில் ஓலைவெடி. ஜப்பான்காரன் சண்டையில் விளக்கணைக்கச் சொல்லி உத்தரவு வந்த வருஷம்கூட மூங்கிலில் கார்பைடு போட்டு வெடித்தார்கள். பெருமழை வருஷத்தில் திரியை அடுப்பில் காயவைத்து வெடித்தார்கள். வெடிக்காத வருஷம் கிடையாது. பெரிய வெளிச்சம் நேரே பட்டால் குழாய் பாழ். மாற்றுக் குழாய் நம் நாட்டில் கிடைக்காது.

"லயத்துல ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கலாமோ?" என்றார்.

நான்தான் தடுத்தேன். தலைதீபாவளி வீடு. புது மாப்பிள்ளை. வேதக்காரன் நான் போய் உங்கள் பண்டிகையைத் தள்ளி வையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சார் சொன்னாலும் நான் சொல்லிக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

"அதுவும் சரிதான்" என்றார். மூடியைப் பூட்டி, பேட்டரி வயரை அவரே கழற்றினார்.

வடகரப்பதிக்கு ஸ்டோர் டெலிபோனில் பேசினார். பழனிச்சாமி குரல் எனக்கே கேட்டது. "ஏனுங்க சார், எங்க காட்டுக்குள்ள வந்து ஆருங்க வெடி வெக்கறாங்க? ஊடெல்லாம் அந்தக் கோடியிலிங்க. அது பாட்டுக்கு ஓடட்டுமுங்க." சரி, ஓடட்டும் என்று விட்டார்.

சார் அம்மாவைப் பார்க்கக் கல்பாத்திக்கு. நான் மத்தியான ஜீப்பில் போடிக்கு, மகள் வீட்டுக்கு. அவளைப் பார்த்து ஐந்து மாதம்.

ஐப்பசி 26, வெள்ளி

காலையில் மேலே வந்தேன். வெயில். மகள் கொடுத்தனுப்பியவை: முறுக்கு, வேட்டி, முழங்காலுக்குத் தைலம்.

ஜீப்பிலிருந்து இறங்கியதும் மா. ஓடி வந்தான். பின்னாலேயே மாப்பிள்ளை, புதுச்சட்டை.

"மாமா, எப்படி நம்ம இருட்டு?"

விளங்கவில்லை.

"ஒரு பய கொளுத்தலயே! விடிஞ்சு வெளிச்சம் வந்தப்பறம்தான் மொத வெடி. எண்ணெ தேச்சுக் குளிச்சதெல்லாம் கதவுல சாக்கத் தொங்கவிட்டுக்கிட்டு. வீடு வீடாப் போய்ச் சொன்னேன், சார் பெட்டி நாளைக்கும் பாக்கும், எவனும் திரியத் தொடப்படாதுன்னு. கொஞ்சம் பேரு மொறச்சான். என் வீட்டு மாப்ளையே பொறுக்கும்போது ஒனக்கென்னடான்னேன்."

மாப்பிள்ளை வெட்கப்பட்டுச் சிரித்தார். "மாமனாரு வத்திப்பெட்டியவே ஒளிச்சு வச்சுட்டாரு."

ஏன்டா என்று கேட்டதற்கு மா. சொன்னது: "போன கிறிஸ்மசுக்கு நீங்க வேதக்காரவுக ஸ்டார் வெளக்க எறக்கி உள்ள வச்சீங்கள்ல. எங்களுக்கு மட்டும் மொறை தெரியாதாக்கும்? முன்னாடியே சொன்னா நீங்க வேண்டாம்பீக. அதான் சொல்லல. காலையில ஒங்க மூஞ்சியப் பாக்கணும்னு வந்தேன், வீடு பூட்டிக் கெடக்கு. எங்க போனீக?"

போடிக்கு என்றேன். ராத்திரி பெட்டியை யார் பார்த்தது என்று கேட்பானோ என்று பயந்தேன். கேட்கவில்லை. அது தானாக ஓடும் என்று நினைத்திருக்கிறான்.

அதிரசம் ஒரு தூக்குவாளி நிறைய. ஒன்று தின்றேன். மீதியை மூடி வைத்தேன்.

ஐப்பசி 27, சனி

மறுபடி மழை. சார் வரவில்லை. பெட்டிக் குடிசைக்குப் போனேன், திறக்கவில்லை, வாசலில் நின்றுவிட்டு வந்தேன். அந்த ராத்திரியில் ஒன்றும் வராமல் போயிருக்கலாம். நூறு ராத்திரி திறந்தும் வராததுதானே. அப்படியே இருக்கட்டும் என்று மாதாவிடம் கேட்டேன். எதற்கு வேண்டிக்கொள்வது என்றே முறையில்லாமல் போயிற்று.

கார்த்திகை 3, வெள்ளி

குளிர். சார் வந்தார், கூடவே பழனிச்சாமி, கையில் காகிதச் சுருளோடு. நெட்டை ஆள், தலைப்பாகை. மலைக்கு இதுதான் முதல் தடவையாம்.

"என்னங்க இது, மேகத்துக்குள்ள குடியிருக்கறீங்க? பாய விரிச்சா நனஞ்சு போகாதுங்களா?"

சுருளை மேஜைமேல் விரித்தார்கள். தீபாவளி விடியலுக்கு முன். நேராகப் போன கோடு ஓரிடத்தில் எழும்பி இறங்கியிருந்தது. ஒரே ஒரு மேடு. அதற்கு முன்னும் பின்னும் வெகுநேரத்துக்கு ஒன்றுமில்லை.

"வெடியாயிருக்குமா?" சார்.

"வெடின்னா ஒண்ணு வெச்சுட்டு நிறுத்துவாங்களாங்க? ஊருக்குள்ள வெச்சதெல்லாம் ஒரு மணி நேரம் கழிச்சுத்தானுங்க. இங்க பாருங்க, பொடிப்பொடியா. இது வேறீங்க."

சார் நம் பெட்டிச் சுருளைப் பார்க்கத் திரும்பினார். பார்க்க என்ன இருக்கிறது, அன்றைக்குக் காகிதமே ஓடவில்லை. பழக்கத்தில் திரும்பிவிட்டார்.

அப்போதுதான் மா. செய்ததைச் சொன்னேன். விடியும்வரை இந்த மேட்டில் ஒரு தீக்குச்சி கிழிக்கவில்லை என்று. சார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நானும்தானே சரின்னேன், சவரிமுத்து" என்றார். யாரும் என்னை ஒன்றும் சொல்லாதபோதே அப்படிச் சொன்னார்.

மார்கழி 12, செவ்வாய்

கிறிஸ்மஸ் முடிந்தது. பூசைக்குப் போனேன், இருமல்.

சார் மேலே வந்தார், ஒரு நாளுக்கு மட்டும். அந்த ராத்திரி சாட்டிலைட்டும் பார்த்திருக்கிறது. அதே நிமிஷம். வெளிநாட்டுக்காரன் சொல்லி இப்போதுதான் இவர்களுக்குத் தெரிய வந்ததாம். பெரிய வெடிப்பாம். நம் தலைக்கு மேலே.

அப்படியானால் பழனிச்சாமி பெட்டி பார்த்தது நிஜம்தானே, ஆபீசில் சொல்லிவிடலாமே என்றேன்.

"சொன்னேன். சிரிச்சா. தீபாவளி விடியக்காலம், தமிழ்க்காரா குடியிருக்கற எடம், ஒத்தப் பெட்டி, அதுல ஒரு வெளிச்சம். பட்டாசு இல்லேன்னு எப்படி நிரூபிப்பேள்னு கேட்டா. இன்னொரு பெட்டி மலைமேல இருக்கே, அது என்ன சொல்றதுன்னு கேட்டா."

டீ போட்டுக் கொடுத்தேன். ஆறிப்போனதைக் குடித்தார்.

போகும்போது சொன்னது: பெட்டி எடுக்க அடுத்த மாதம் ஜீப் வரும். காலேஜ் வேலைக்கு எழுதிப் போட்டாயிற்று.

மார்கழி 13, புதன்

தூக்கமில்லை. மகளைப் பார்க்கும் ஆசை உள்ளே இருந்துதான் வேண்டாம் என்று வாயில் வந்ததா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். மதிப்பு பார்த்துத்தான் கேட்காமல் விட்டேன். அவனும் மதிப்பு பார்த்துத்தான் சொல்லாமல் செய்தான். நடுவில் ஒரு சுவர், பலகைச் சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும்.

அத்தனை தூரத்திலிருந்து வந்தது. ஒரு பெட்டி மூடி திறந்திருந்தால் போதும்.

தை 2, ஞாயிறு

பொங்கல் கரும்பு மா. வீட்டிலிருந்து. பல்லில்லை, கொடுத்தனுப்பிய பிள்ளையிடமே திருப்பினேன்.

மா. இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். செக்போஸ்டில், டீக்கடையில். "நாங்க குடுத்த இருட்டுலதான் சார் பெட்டி வேலை செஞ்சுச்சு." டீக்கடைக்காரன், "அப்ப என்னடா மாட்டிச்சு?" என்றதற்கு, "பெரிய எடத்து விசயம், ஒடனே சொல்ல மாட்டாக" என்றானாம்.

சொல்லிவிட வேண்டும். ரெண்டு தடவை வாசல் வரை போனேன். ஒரு தடவை அவன் பெண்சாதி இருந்தாள். ஒரு தடவை அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

தை 5, புதன்

வெயில், காற்று. ஜீப் பத்து மணிக்கு. சார் கூடவே வந்தார். குழாய்களைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி வைத்தோம். சுருள், பேட்டரி, கடிகாரம், எல்லாம் சரி பார்த்தாயிற்று. பெட்டியைத் தூக்க மா.வைக் கூப்பிட்டேன். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தான்.

சார் முன்பக்கம், நாங்கள் ரெண்டு பேரும் பின்பக்கம். வாசல் தாண்டியதும் மா. சாரிடம், "நம்ம தீபாவளி இருட்டுல ஒண்ணும் வரலீங்களா சார், பெட்டியத் தூக்கிட்டாகளே?" என்றான்.

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். விட்டால் அவரே சொல்லியிருப்பார். சொல்ல விடக்கூடாது என்று தோன்றியது.

"வந்துச்சு மாரியப்பா. நம்ம பெட்டி அன்னிக்கு மூடிக் கெடந்துச்சு. நீங்க வெடிப்பீகன்னு நான்தான் தெறக்க வேணாம்னேன்."

நின்றுவிட்டான். கனம் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தது. சாரும் நின்றார்.

"விடியிற வரைக்கும் என் மாப்ள கைய மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு மாமா."

"தெரியும்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. நான் மாட்டேன்னா சொல்லிருப்பேன்?"

"சொல்லிருக்க மாட்ட. அதான் கேக்கல."

என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பிடியையும் விடவில்லை. நடந்தான். ஜீப்புக்கு இறங்கும் இடத்தில் படிக்கல் பாசி பிடித்திருந்தது.

"பாத்து, மாமா" என்றான்.