நூலா, சூடா என்கிறார் மாமா

என் அன்பு அக்கா,

உன் மகள் கோமதிக்குத் திங்கட்கிழமை கர்ப்பப்பை அறுவை. உனக்குச் செய்த அதே அறுவை. இதைத் தவிர வேறெதைச் சொல்லி ஆரம்பித்தாலும் நீ கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய்.

மாதாமாதம் போகிற இரத்தத்தில் அவள் முகம் வெளுத்துவிட்டது. களையெடுக்கக் குனிந்தால் தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறாள். கர்ப்பப்பையில் கட்டி, கர்ப்பப்பையோடு எடுத்தே ஆகவேண்டும் என்று கள்ளக்குறிச்சி டாக்டரம்மா எப்போதோ சொல்லிவிட்டார். உன் வீட்டுக்காரர்தான் விடவில்லை. அறுவை என்றாலே மாமாவுக்கு நீதான் நினைவுக்கு வருகிறாய். இப்போதெல்லாம் இரத்தக்குழாயை நூலால் கட்டுவதில்லை, மிஷினால் சுட்டு ஒட்டிவிடுகிறார்கள் என்று மலைமேல் வெள்ளிமலை டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டார்.

"நூலு அவுந்துதான் உங்கக்கா போனா. மிஷின்ல செஞ்சா ஒத்துக்கறேன். இல்லாட்டி வேணாம்."

நூல் அவிழ்ந்ததை அவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. தையல் பிரித்து வீடு திரும்பிய உனக்குச் சில நாள் கழித்து ஒரு விடியற்காலையில் இரத்தம் பெருகியது. ஜீப் மலைப்பாதை வளைவுகளைத் தாண்டி இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கசிந்தது எந்தக் குழாய், ஏன் கசிந்தது? யாரும் சொல்லவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு கோமதியின் உயிரில் முடிவெடுக்க எனக்கு மனமில்லை.

கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவளுக்கு அறுவை மேசை தெரியாதுதான். கிடைத்ததைப் படித்தேன். சூட்டால் ஒட்டும் கருவி வேகமானது, அறுவையின்போது போகும் இரத்தமும் குறையலாம். ஆனால் அந்தச் சூடு பக்கத்தில் ஓடும் சிறுநீர்க்குழாயைத் தொட்டுவிட்டால் அது வேறு ஆபத்து. நூல் முடிச்சு பழையது, நம்பிக்கையானது. ஆனால் கட்டுகிற கையைப் பொறுத்தது. பின்னால் கசியவே கசியாது என்று இரண்டுக்கும் யாரும் உறுதி தரவில்லை.

டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டேன். பெரிய குழாய்களை நூலால் இரண்டு முறை கட்டுவாராம், சின்னவற்றுக்குக் கருவியாம். எதுதான் பாதுகாப்பு என்று விடாமல் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எதுல மூடினாலும் அபூர்வமா பின்னாடி கசியலாம்ங்க. அப்போ எவ்ளோ சீக்கிரம் எங்கிட்ட வந்து சேர்றாங்கன்றதும் முக்கியம். அத யாரும் கேக்கறதே இல்ல."

உன்னிடம் யாராவது சொன்னார்களா அக்கா? சாமை அறுப்பு என்று நீ பாட்டுக்கு பஸ் ஏறிவிட்டாயே.

சனிக்கிழமை மலைக்குப் போய் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறும்வரை கோமதி கள்ளக்குறிச்சியில் என் வீட்டில் இருக்கட்டும், ஆஸ்பத்திரி அடுத்த தெருதான் என்றேன். மாமா கேட்டார்.

"அப்போ நூலு இல்லியா?"

"தெரியாது மாமா. தெரிஞ்சது ஒண்ணுதான். அக்கா மேல இருந்தா, ஆஸ்பத்திரி கீழ இருந்துச்சு."

கோமதி குறுக்கே பேசினாள். "ஒடம்பு ஆறுற வரைக்கும் சின்னம்மா கொழம்பத் துன்னுக்கினு கெடக்கணுமா? இருக்கற ரத்தமும் பூடும்."

மாமா சிரித்துவிட்டார். என் குழம்பைப் பற்றி நீ சொன்னதையெல்லாம் அவளும் கேட்டுத்தானே வளர்ந்தாள்? பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "கூட்டிக்கினு போ. டாக்டரு சொல்றதுக்கு மின்ன மேல அனுப்பாத."

அனுப்பமாட்டேன். வலி குறைந்ததும் அவளும் உன்னைப் போலப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். சாமை முற்றிவிட்டது என்பாள். முற்றட்டும். டாக்டரம்மா தன் வாயால் சொல்லும்வரை அவளை வெள்ளிமலை பஸ்ஸில் ஏறவிடமாட்டேன். ஏறுகிற நாளில் பக்கத்து இருக்கையில் நான் இருப்பேன்.

கோமதியின் சின்னம்மா,
உன் தங்கச்சி.