கடலென்று நினைத்த கை

மச்சான்,

காலையிலிருந்து தெரு முழுக்க மீனெண்ணெய் நாற்றம். ஆகஸ்ட் பதினைந்து வருகிறதல்லவா, ஊர்வலத்துக்கு ஏற்றும் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு எண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது வெறும் எண்ணெய். எனக்கு அது மூக்கில் ஏறியதும் மரம் நெரிகிற சத்தம் கேட்கிறது. உன் நெஞ்செலும்பு முறிந்த சத்தமும் அதற்குள்தான் இருந்தது. இரண்டையும் பிரித்துக் கேட்க இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன் நான். ஒன்பதாம் வகுப்பில் வரலாற்றுப் பாடத்தில் தோற்று, அதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். கடற்கரையில் பிறந்தும் வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுக்கிறவன். இருந்தாலும் நீ சங்கு குளிக்கப் போகும்போதெல்லாம் மேலே கயிற்றைப் பிடித்து உட்கார்ந்தது நான்தான். முத்துக்குளித்த காலத்திலிருந்து வருகிற வழக்கம் அது. குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தான்தான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவனும் கயிற்றை விடமாட்டான் என்கிற நம்பிக்கை.

“வாந்தி எடுத்தா எடுத்துக்கலே, கயித்த மட்டும் விட்டுராத” என்று சொல்லிவிட்டுக் குதிப்பாய்.

ஒருமுறை திருக்கை வால் உன் தொடையைக் கிழித்துவிட்டது. கயிறு துடித்தது, இழுத்தேன். உன்னைச் சுற்றித் தண்ணீர் சிவந்து வந்ததைப் பார்த்ததும் மயங்கி விழுந்தது நீ இல்லை, நான். தொடையில் துண்டைக் கட்டிக்கொண்டு என் முகத்தில் தண்ணீர் தெளித்தாய். அக்காவிடம் போய், “உந்தம்பியக் காப்பாத்தத்தான் நேரமாயிருச்சு” என்று வேறு சொன்னாய்.

அந்த வருஷத்து ஊர்வலத்துக்கு நம் தெரு ஒரு நிஜ வள்ளத்தையே டிரெய்லரில் ஏற்றி வடக்கயிற்றால் கட்டியது. கொற்கையில் முத்தெடுத்த காலத்திலிருந்து கொடியேற்றிய நாள் வரைக்கும் ஊர்க்கதை முழுவதையும் அதில் காட்டுவதாக ஏற்பாடு. முன் அணியத்தில் கோவணத்தோடு காலில் கல் கட்டிய முத்துக்குளியாள் நீ. பின்னால் கயிறு பிடிக்கிற மச்சான் நான். எனக்கு மையால் மீசை வரைந்து தலைப்பாகை கட்டியிருந்தார்கள். நடுவில் மூவர்ணக் கொடி.

கடைத்தெருக்காரர்கள் சுதேசிக் கப்பல் செய்து கொண்டுவந்தார்கள். பிளைவுட் கப்பல். புகைக்கூண்டுக்குள் சாம்பிராணிச் சட்டியை வைத்து நிஜமாகவே புகை விட்டார்கள். பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் ஒரு மாதம் கடையைக் கூடச் சரியாகக் கவனிக்காமல் அறுத்து, ஒட்டி, வண்ணமடித்த கப்பல் அது. சந்தியில் இரண்டு ஊர்தியும் நேருக்கு நேர் நின்றன. எது முன்னால் போவது?

“முத்துதாம்லே மொதல்ல. ஒங்க கப்பலுக்கு ரெண்டாயிரம் வருசம் முந்துனது” என்று நம் ஆள் ஒருவன் கத்தினான்.

“முத்தெடுத்து யாருக்குலே குடுத்திய? ராசாவுக்கும் பறங்கிக்கும்தான? வெள்ளக்காரன எதுத்து நின்னது கப்பல்தாம்லே. இன்னைக்கு அதுதான் முன்னால போவும்.”

“எதுத்து நின்ன கப்பலா இது? தெப்பக்குளத்துல விட்டாலே முங்கிருமேல!”

நீ அணியத்தில் நின்று சிரித்தாய். “ஏலே, கல்லக் கட்டிக்கிட்டு நிக்கேன், கால் வலிக்கி. எவனாவது போங்கலே” என்றாய். அதைக் கேட்டு அண்ணாச்சிகூடச் சிரித்தார். இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பு நீடித்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

எங்கிருந்தோ ஒரு சோடா பாட்டில் வந்து என் தலைப்பாகையில் உடைந்தது. அதற்குப் பிறகு வரலாறும் இல்லை, வரிசையும் இல்லை. துடுப்பால் அடித்தார்கள். சைக்கிள் செயினைச் சுழற்றினார்கள். தேசத்தின் விடுதலையைக் கொண்டாட வந்த ஜனம் ஒருவன் காதை ஒருவன் கடித்துத் துப்பியது. பிளைவுட் கப்பலை மிதித்து நொறுக்கினார்கள். புகைக்கூண்டுச் சட்டியிலிருந்த கங்கு ஒருவன் முதுகில் கொட்டி, அவன் அலறிக்கொண்டு சாக்கடையில் உருண்டான். நம் கொடிக்கம்பை உருவி அதாலேயே ஒருவன் மண்டையைப் பிளந்தவன் நம் தெருக்காரன்தான். நான் கயிற்றுச் சுருளுக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். வரைந்த மீசை வேர்வையில் வழிந்து வாய்க்குள் போனது. வீரம் அவ்வளவுதான்.

கடைத்தெரு ஆட்கள் வள்ளத்தைச் சூழ்ந்து உலுக்கினார்கள். திடீரென்று வள்ளம் டிரெய்லரை விட்டுச் சரிந்தது. என்னைத் தூக்கிக் குப்பைமேட்டில் எறிந்தது. உன் காலில் கல் கட்டியிருந்தது. நீ குதிக்க முடியாமல் வள்ளத்துக்கு அடியில் போனாய்.

ஆஸ்பத்திரியில் நீ மூச்சு விட்ட ஒவ்வொரு முறையும் வாயில் ரத்தம் நுரைத்தது. என் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாய்.

“அவனுவ தள்ளலலே. டிரெய்லரோட கட்டியிருந்த கயித்த நம்ம ஆளுதான் அறுத்தான். நான் பாத்தேன்.”

பெயரையும் சொன்னாய். கடலில் வேறொரு வள்ளம் வந்து மோதினாலோ ஆபத்து நெருங்கினாலோ நங்கூரக் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டிவிட்டு விலகிப் போவது நம் ஆட்களின் பழக்கம். யோசித்துச் செய்வதில்லை, கை செய்துவிடும். நாலு பக்கமும் வள்ளத்தைப் பிடித்து உலுக்கியதும் டிரெய்லரில் நின்ற அவன் கை இடுப்புக் கத்திக்குப் போயிருக்கிறது. அடியில் தண்ணீர் இல்லை, தார் ரோடு என்பது அந்தக் கைக்குத் தெரியவில்லை.

“கடல்னு நெனச்சுட்டாம்லே, பாவம். கடத்தெருவுல எவனையும் வெட்ட விட்டுராத. அவம் பேரையும் வெளிய சொல்லிராத. சொன்னா நம்ம பயலுவளே அவனக் கொன்னுருவானுவ.”

பொழுது சாய்வதற்குள் போய்விட்டாய்.

வெளியே வந்தேன். வாசலில் நம் தெரு முழுவதும் நின்றது. மீன் வெட்டும் கத்தி இல்லாத கை ஒன்றுகூட இல்லை. சுவரோடு சேர்த்து, கப்பல் செய்த அந்த அண்ணாச்சியைக் கழுத்தில் பிடித்து அழுத்தியிருந்தார்கள். உன்னைப் பார்க்க இளநீர் வாங்கிக்கொண்டு தனியாக வந்திருக்கிறார், பைத்தியக்கார மனுஷன். ஒரு காது பாதி தொங்கியது. காலடியில் இளநீரும் ரத்தமும் கலந்து கிடந்தன.

“ஒம் மச்சானுக்கு என்னலே?” என்று ஒருவன் கேட்டான்.

“போயிட்டாரு.”

அண்ணாச்சியின் தலைக்கு மேல் கத்தி உயர்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கையெடுத்துக் கும்பிடக்கூட இல்லை.

“ஏலே, அவனுவ தள்ளல!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே கோழிக்குரலாகக் கேட்டது. “நம்ம கத்திலே. கட்டுன கயித்த நம்ம ஆளுதாம்லே அறுத்தான்!”

கத்தி அப்படியே நின்றது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

“எவம்லே? பேரச் சொல்லு.”

அவன் மூன்றாம் வரிசையில் நின்றான். முகம் வெந்த நண்டு மாதிரி சிவந்திருந்தது. நான் சொன்னதும்தான் தான் என்ன செய்தோம் என்பது அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். வாய் திறந்து திறந்து மூடியது. அவன் பக்கம் பார்வை போகாமல் இருக்க நான் என் கால் விரல்களையே பார்த்தேன்.

“நான்தாம்லே” என்றேன்.

முதல் அடி துடுப்பால். முன்பற்கள் இரண்டும் போயின. அப்புறம் இடது கை முறிந்தது. எத்தனை பேர் மிதித்தார்கள் என்று தெரியாது. கயிற்றைக் காக்க வேண்டியவனே அறுத்தான் என்றால் சும்மா விடுவார்களா? வெட்டத்தான் வந்தார்கள். அக்கா ஓடிவந்து என்மேல் குப்புற விழுந்துகிடந்தாள். உன் பெண்டாட்டியின் மேல் கத்தி வைக்க எவனுக்கும் துணிச்சல் வரவில்லை. அந்தக் கூச்சலுக்குள் யாரோ அண்ணாச்சியை ஆஸ்பத்திரிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். அன்று கத்தியோடு கடைத்தெருவுக்கு ஒருவரும் போகவில்லை.

கையில் கட்டுப் போட்டுக் கிடந்தபோது அக்கா கஞ்சி கொண்டுவந்தாள். கிண்ணத்தை என் வலது கையில் வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“ஏலே தம்பி, மாங்கா வெட்டச் சொன்னாலே கைய வெட்டிக்கிடுவ. ஒரே வெட்டுல வடக்கயித்த அறுத்தியோ?”

நான் கஞ்சியைக் குடித்தேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

நிஜமாகக் கயிற்றை அறுத்தவன் அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை மச்சான். வலை பின்னிப் பிழைக்கிறான். எதிரே வந்தால் ஓரமாக ஒதுங்கி நிற்பான். ஒரு நாள் தேநீர்க் கடையில் எல்லோர் முன்னாலும் வாயைத் திறக்கப் பார்த்தான். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். “சும்மா வடையத் தின்னுலே” என்று நான் அதட்டினேன். வாயை மூடிக்கொண்டு தின்றான்.

எனக்குக் கயிறறுத்தான் என்று பெயர் விழுந்து பல காலமாகிவிட்டது. பழகிவிட்டது. ரேஷன் கடையில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நேற்று என் மகள் கல்லூரியிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தாள். இந்த வருஷம் ஊர்வலத்துக்கு ஊர்க்கதையை எழுதித் தரும் வேலையை அவளிடம் கொடுத்திருக்கிறார்களாம். இரண்டு கவளம் தின்றவள் தலையைத் தூக்காமல் கேட்டாள்:

“அப்பா, மாமாவக் கொன்னது நீங்கதானா?”

உன்னை அவளுக்கு முகம்கூடத் தெரியாது. படத்தில் பார்த்ததுதான்.

“ஆமாம்மா. ஒங்கப்பனுக்கு ஒழுங்கா வெட்ட வந்த ஒரே சாமான் அதுதான்” என்று சிரிக்கப் பார்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை. பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பின்னாலேயே ஓடி உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. அவன் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. முன்பல் இரண்டும் இல்லாத வாய் மச்சான் இது, ஒரு பெயரைத் தடுத்து நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு விழுங்கினேன்.