மேல் தாள்

ஜூலை 24, வியாழன்

மழை விட்டதும் ராஜகீழ்ப்பாக்கம் போனேன். கோயில் ஆடித் திருவிழா வாணவேடிக்கை இந்த முறை எங்களுக்கு, அதாவது எனக்கும் ஜெரூஷாவுக்கும். கல்லூரியிலிருந்தே சேர்ந்திருக்கிறோம். அவள் சரக்கு வாங்குவாள், ஆட்களை வைத்துக் கொளுத்துவாள். பேசுவதும் எழுதுவதும் நான்.

வெடி விடும் மைதானத்தை ஒட்டி ஜஹீரா அக்கா வீடு. போன வருடம் வேறு யாரோ விட்ட, மேலே போய் வெடிக்கும் ஷெல்லின் பிளாஸ்டிக் ஓடு, அரைக் கிண்ணம் போல வந்து விழுந்து, அவர்கள் கூரை ஷீட்டை உடைத்திருக்கிறது. அவர்கள் சரியென்றால்தான் வெடி என்று விழாக் குழுவின் முனிரத்தினம் ஐயா சொல்லிவிட்டார்.

எங்களுடையது தாள் ஓடு, மேலேயே கிழிந்து கருகிவிடும், கீழே வருவது வெறும் கந்தல் என்றேன். அக்கா யோசித்தார்.

"கோயில் விசேஷத்துக்கு நாங்க வேணாம்னா அது வேற பேச்சாய்டும்மா. எங்க வூட்டுக்காரரும் அதான் சொல்றாரு. நீ சொல்லு, பேப்பர்தானே?"

"பேப்பர்தான்க்கா."

ஆகஸ்ட் 2, சனி

சரக்கு வந்துவிட்டது. ஜெரூஷா படம் அனுப்பினாள். பழுப்புத் தாள் சுற்றிய உருண்டைகள். அழகாக இருக்கின்றன.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசி ஷெல் பச்சையும் பொன்னுமாக விரிந்தபோது ஜெரூஷா என் தோளைக் கட்டிக்கொண்டு, "பாத்தியாடி" என்றாள். பெருமையாக இருந்தது.

அப்போது ஜஹீரா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கத்தவில்லை. என் கையில் ஒன்றை வைத்தார்.

"இந்தாம்மா, உன் பேப்பரு. நல்லா கெட்டியா கீது. ஷீட்ட பொத்துகினு கட்டில்ல வுழுந்துது. பசங்கள வேடிக்க பாக்க இட்டுனு வந்தனோ, பொழச்சிதுங்க."

விளிம்பில் கருகிய பழுப்புத் தாள். நகத்தால் உரித்தேன். உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஜெரூஷா மறுக்கவில்லை. மறுத்திருக்கலாம்.

"பேப்பர் ஷெல் மழைல காயலன்னு பட்டாசுக் கம்பெனில கைய விரிச்சுட்டாங்கடி. ஆர்டர விடச் சொல்றியா? மேல பேப்பர் ஒட்டித்தானே வாங்கினேன்."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"நீ அந்த அக்காவப் பாக்கப் போறதுக்கு முன்னாடியே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அப்படிப் பேசியிருப்பியா? பொய் சொன்னா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும், கோகி."

அப்படியென்றால் என்னை அனுப்பியது நான் நன்றாகப் பேசுவேன் என்பதற்காக இல்லை. எனக்குத் தெரியாது என்பதற்காக. பிளாஸ்டிக் மேல் தாள் மாதிரி, அவள் மேல் நான்.

ச்சே. இத்தன வருஷமா என் மூஞ்சிய இதுக்குத்தான் பாத்து வெச்சிருந்தாளா?

ஆகஸ்ட் 14, வியாழன்

புது ஷீட் எடுத்துப் போனேன். ஜஹீரா அக்காவின் கணவர் பாட்சா அண்ணன் ஏணியில் நின்று மாட்டினார். எனக்குத் தெரியாமல் நடந்தது என்றேன்.

"தெரியாதுன்னா, அன்னிக்கே தெரியாதுன்னு சொல்லிக்கலாமேம்மா" என்றார் அக்கா.

"வுடு ஜஹீரா, அடுத்த வருஷம் ஹெல்மெட் போட்டுகினு தூங்கலாம்" என்று மேலிருந்து குரல்.

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். நான் சேர்ந்து சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஜெரூஷாவிடமிருந்து ஒரு பூனை வீடியோ. ஒன்றுமே நடக்காத மாதிரி.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

குன்றத்தூரிலிருந்து கீதா என்பவர் அழைத்தார். மகளின் கல்யாண வரவேற்புக்கு வாணவேடிக்கை வேண்டுமாம். மண்டபத்தைச் சுற்றி வீடுகளாம். என் எண்ணைக் கொடுத்தது ஜெரூஷா.

"கோகிலவாணிகிட்ட கேளுங்க, அவ சொன்னா நம்பலாம்னாங்க. உங்க ஷெல் எல்லாம் பேப்பர்தானாம்மா?"

"மேல மட்டும்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. புரியும்படி சொன்னேன்.

இப்போது ஜெரூஷா அழைத்துக்கொண்டிருக்கிறாள். எடுக்கத்தான் போகிறேன். இந்த வரியை முடித்துவிட்டு.