உன் வால்வுகளை எடுத்தவன் நான்தான்

என் அருமை மச்சான் குமரேசா,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இத்தனை நாளாக நான் வாய் திறக்காமல் இருப்பதைப் பார்த்து, துக்கத்தில் ஒடுங்கிவிட்டான் என்று ஆரணியில் பேசிக்கொள்கிறார்கள். துக்கம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரியதாக ஒன்று நெஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அது பொறாமை. நீ இருந்தபோதும் உன்மேல் பட்டேன். செத்த பிறகும் பட்டேன். இப்போது உன் பெண்டாட்டி காஞ்சனாமேல் படுகிறேன்.

இதை வேறு யாரிடம் சொல்ல?

அந்தச் சின்ன ஆம்ப்ளிபயரை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம். சோப்பு டப்பா அளவு. போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் மாட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். உள்ளே பென்சில் துண்டு மாதிரி இரண்டு கண்ணாடி வால்வு, பாட்டுக்கு இனிமை தர. அதன் பின்னால் டிரான்சிஸ்டர், ஹெட்போனைத் தள்ளுகிற பலத்துக்கு. வால்வு உன் பங்கு. டிரான்சிஸ்டரும் கரண்டு போர்டும் என் பங்கு. தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன் நீ. அந்தச் சத்தத்தைத் தாண்டி ஒரு குரலைக் கேட்க வேண்டும் என்று உனக்கு வெறி. நான் தேசூர் பக்கம் களையெடுத்துப் பிழைத்த வீட்டுப் பிள்ளை. இன்வெர்ட்டர் ரிப்பேர் கடை வைத்துப் பிழைக்கிறவன். எனக்கு உன்னோடு உட்கார்ந்து வேலை செய்தால் போதும் என்றிருந்தது, முதலில்.

அந்தக் கரண்டு போர்டு லேசுப்பட்ட வேலையா சொல்லு? நாலு வோல்ட் கூட இல்லாத பேட்டரியை ஐம்பது வோல்ட்டுக்கு ஏற்றினால்தான் வால்வு வேலை செய்யும். ஏற்றினால் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் காதுக்குள் வரும். ஏழு மாதம் அதோடு மல்லுக்கட்டி ஒருநாள் அதை அடக்கினேன். நீ ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, "ம்... சரி" என்றாய். அவ்வளவுதான். அன்றே எழுந்து போய் உன் வால்வுகளை மாற்றி மாற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டாய்.

சென்னையில் ஒரு மாடி ஹாலில் பாட்டுப் பிரியர்கள் கூடினார்களே, நினைவிருக்கிறதா? கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் நம் பெட்டியில் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதுல ஒரு உயிர் இருக்குங்க" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் வால்வைப் பற்றியே கேட்டார்கள். ஒருவர் என்னிடம் திரும்பி, "பைய அந்த ஓரமா வெச்சிடுப்பா" என்றார். பை தூக்க வந்த ஆள் என்று நினைத்துவிட்டார். நீ சிரித்துக்கொண்டே, "இல்ல சார், இவனும் கொஞ்சம் ஹெல்ப் பண்ணான்" என்றாய்.

கொஞ்சம்.

அந்த ஒரு சொல்லை நான் ஆரணி வரை பஸ்ஸில் மென்றுகொண்டே வந்தேன். நீ பக்கத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கினாய்.

உன் சாவு நாளைச் சொல்கிறேன். உனக்குத் தெரியாதே. வழக்கம்போலக் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறியிருக்கிறாய். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜன்னலில் தலையைச் சாய்த்திருக்கிறாய். பாட்டுக் கேட்டுக்கொண்டு தூங்குகிறான் என்று பக்கத்து சீட்டுக்காரர் உன்னை எழுப்பவே இல்லை. செய்யார் கம்பெனி கேட்டில் எல்லாரும் இறங்கிய பிறகுதான் தோளைத் தொட்டிருக்கிறார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது உன் பையிலிருந்து எடுத்த பெட்டியை என் கையில் கொடுத்தார்கள். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது நான் செய்ததைக் கேள். ஹெட்போனைக் காதில் வைத்தேன். ஏதோ ஒரு அம்மா பாடிக்கொண்டிருந்தார். நீ எனக்கு முன்னால் வெள்ளைத் துணி போர்த்திக் கிடக்கிறாய். நானோ, பாட்டின் பின்னால் இரைச்சல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லை. சுத்தமாக இருந்தது. பிறகு இன்னொன்றும் தோன்றியது. பாட்டுக் கேட்டுக்கொண்டே போய்விட்டானே, இப்படிப் போகவும் இவனுக்குத்தான் கொடுத்து வைத்திருக்கிறது. அப்படி நினைத்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. எதற்காக அழுதேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். எல்லாரும் பந்தியில் இருந்தார்கள். நான் உன் மேஜை பக்கம் போனேன். அறுபது வால்வில் இருபதுதான் நல்லது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, தட்டினாலும் காதுக்குள் மணி அடிக்காததைப் பொறுக்கி, ஒரு மூக்குக் கண்ணாடிப் பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கியிருந்தாயே? அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பத்திரமாக வைத்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். உன் இடத்தில் நான் உட்கார வேண்டும் என்றிருந்தது. இனிமேல் கண்ணை மூடிக் கேட்கிறவர்கள் என் கையைப் பிடிக்க வேண்டும் என்றிருந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். காஞ்சனா போன் செய்தாள்.

"அண்ணே, நல்ல வால்வெல்லாம் ஒரு மூக்குக் கண்ணாடிப் பொட்டில போட்டு வெச்சிருந்தாரே, எங்க வெச்சாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. எதுக்குக் கேக்கற?"

"மெட்ராஸ்ல ரெண்டு பேரு காத்துகினு இருக்காங்கண்ணே. செஞ்சி தரேன்னு அவரு வாக்குக் குடுத்துட்டுப் போயிட்டாரு. நோட்டுல எல்லாம் வரைஞ்சி வெச்சிக்கீறாரு. நீங்க போட்ட கரண்டு போர்டும் ரெண்டு கீது. பொறுமையாப் பாத்து நானே ஈயம் பத்த வெச்சிகினு இருக்கேன். ஆனா இருக்கிற வால்வு எல்லாம் தொட்டா ணங்ணங்குது."

"அது அப்படித்தாம்மா. உனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு? வுட்டுடு" என்றேன். பெட்டி என் கடை அலமாரியில், எனக்கு எதிரிலேயே இருந்தது.

அவள் விடவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டாள். "ஒரு வாட்டி கேட்டுட்டுச் சொல்லுங்கண்ணே." போனேன். உன் தெருவில் வழக்கம்போல விசைத்தறி எல்லாம் தடதடத்துக்கொண்டிருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அவள் பெட்டியை மேஜைமேல் வைத்து விரல் முட்டியால் தட்டினாள். ஒன்றுமில்லை. ஓங்கித் தட்டினாள். மணிச் சத்தம் துளிகூட இல்லை. பாட்டு அசையாமல் போய்க்கொண்டிருந்தது.

"தொறந்து பாருங்க" என்றாள்.

திறந்தேன். வால்வு எதுவும் போர்டில் படவே இல்லை, மச்சான். நாலு பக்கமும் பட்டு இழை கட்டி, தொட்டில் மாதிரி அந்தரத்தில் தொங்கவிட்டிருந்தாள். தறியில் பழைய பாவு முடியும் இடத்தில் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைத்துப் பழகிய கை அது. ரப்பர் வைத்தோம், ஸ்பான்ஜ் வைத்தோம், தக்கை வைத்தோம். ஒரு வருஷம் நாம் இரண்டு ஆண்கள் மண்டையை உடைத்துக்கொண்டோம். உன் வீடு முழுக்கப் பட்டு இழை கிடந்ததே, நமக்கு ஏன்டா தோன்றவில்லை?

"முறுக்காத இழைண்ணே. முறுக்கினது வெறப்பா கீது, அதுவும் சேந்து அதிருது" என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

நல்ல வால்வை நான் ஒளித்து வைத்திருந்தேன். அவள் கெட்ட வால்வையே நல்லதாக்கிவிட்டாள். வயிறு எரிந்தது. "பரவால்லம்மா" என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தபோது உன் முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

அதோடு விட்டாளா? சென்னையில் பெட்டியை வாங்கியவர் அனுப்பிய குரல் செய்தியையும் போட்டுக் காட்டினாள். "மேடம், குமரேசன் சார் செஞ்சது என் பிரெண்டுகிட்ட இருக்கு. அதவிட இது நல்லா இருக்கு." உன்னைவிட ஒருத்தி நன்றாகச் செய்கிறாள் என்று கேட்டால் எனக்குக் குளிர்ந்திருக்க வேண்டாமா? எத்தனை வருஷம் அந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன்! ஆனால் உனக்காகவும் எனக்கு எரிந்தது. அது என்ன மாதிரிப் பொறாமை, நீயே சொல்லு.

கிளம்பும்போது அவள் வாசல் வரை வந்தாள். "போர்டு ரெண்டும் முடிஞ்சி போச்சிண்ணே. இன்னும் நாலு பேரு கேட்டுகினு இருக்காங்க. நீங்கதான் போட்டுத் தரணும். அவரு போனப்பறம் என்கிட்ட ஒளிவு மறைவு இல்லாம பேசறது நீங்க ஒருத்தர்தான்."

வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். உட்கார முடியவில்லை. பத்து நிமிஷத்தில் அந்த மூக்குக் கண்ணாடிப் பெட்டியோடு திரும்பி வந்து அவள் முன்னால் வைத்தேன். "நான்தாம்மா எடுத்தேன். காரியத்தன்னிக்கி" என்றேன்.

அவள் திறந்து பார்த்தாள். எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"என் கையால சோறு வாங்கித் தின்னுட்டு எடுத்துகினு போனீங்களா? நான் போன் பண்ணிக் கேட்டப்ப இது உங்ககிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஏண்ணே?"

"பொறாமைம்மா. அவன்மேல. எல்லாரும் அவனையே..." என்றேன்.

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. "அவரு உங்களப் பாத்து எவ்ளோ வயிறெரிஞ்சாரு தெரியுமா? உங்க போர்டு மாதிரியே போடறேன்னு நாலு வாட்டி உக்காந்தாரு. ஒரு வாட்டி வூடு பூரா பொகை. 'அவன் போர்டுல சத்தமே கெடையாதுடி, கெணத்த எட்டிப் பாத்தாப்ல கீது, எனக்கு அது வரல'ன்னு பொலம்புவாரு. போய்க் கேளுங்களேன்னா, 'அவன்கிட்ட போயி நான் எப்படிக் கேக்கறது'ன்னுவாரு. ரெண்டு பேரும் ஒரே ஒரு வாட்டி வாயத் தொறந்து பேசியிருந்தா இன்னா கொறஞ்சி போயிருப்பீங்க? பொட்டிய வெச்சிட்டுக் கெளம்புங்கண்ணே."

கிளம்பிவிட்டேன். வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனேன். ஸ்டார்ட் பண்ணத் தோன்றவில்லை.

அடப்பாவி! நாலு முறை போட்டுப் பார்த்தாயா? வீடு முழுக்கப் புகையா? என்னிடம் வந்து, "டேய் துரை, இது எப்படிடா?" என்று கேட்டிருந்தால் நான் பெட்டிப் பாம்பாக அடங்கியிருப்பேனே. காலையிலிருந்து சாயந்திரம் வரை உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருப்பேன். உனக்கு ஏன் அவ்வளவு வீம்பு? எனக்குத்தான் ஏன் அவ்வளவு வீம்பு? பத்து வருஷம் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் வெந்துகொண்டிருந்தோமா?

பதினைந்து நாள் காஞ்சனாவிடமிருந்து பேச்சில்லை. பிறகு ஒரு செய்தி வந்தது. அண்ணே என்று கூட இல்லை. "போர்டு நாலு வேணும். ஜல்தி." நாலும் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டாள். ஹெட்போனை மாட்டி, பாட்டு எதுவும் போடாமல், வெறும் பெட்டியை மட்டும் ஓடவிட்டு ரொம்ப நேரம் கேட்டாள். தறி அத்தனையும் வெளியே ஓடுகிறது, அவள் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறாள். பிறகு கழற்றி வைத்துவிட்டு, "ஆமா, ஒண்ணுமே கேக்கல" என்றாள். என் வேலையை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. வாழ்நாளில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, குமரேசா.

இப்போது அவள் செய்கிறாள், நான் போர்டு போடுகிறேன். அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்டால் தெரியாது. உன் இருபது வால்வையும் அவள் இதுவரை தொடவில்லை. தேவைப்படவில்லை என்கிறாள். ஒவ்வொரு பெட்டி போகும்போதும், "பட்டு இழை யோசனை யாருதுங்க?" என்று யாராவது கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்கிறது. அது போகாது போலிருக்கிறது. ஆனால் இப்போது அவளிடமே சொல்லிவிடுகிறேன். "எரியுதும்மா" என்பேன். "நல்லா எரியட்டும்" என்பாள்.

போன வாரம் உன் மேஜையின் கீழ்த் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். நீ பாதியில் விட்டுப் போனது. வால்வு பக்கம் முடித்திருக்கிறாய். கரண்டு போர்டு வர வேண்டிய இடம் காலி. "இது யாருக்கும் இல்ல. வூட்டுல இருக்கட்டும். நீங்க முடிச்சிக் குடுங்க" என்றாள்.

முடித்துக் கொடுப்பேன், மச்சான். இது சத்தியம். நான் போட்டதிலேயே அமைதியான போர்டு அதில்தான் இருக்கும். நீ பற்ற வைத்த எதையும் கலைக்க மாட்டேன். இடது ஓரத்தில் ஒரே ஒரு முனையில் மட்டும் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை, அதை மட்டும் மறுபடி வைப்பேன். கோபித்துக்கொள்ளாதே. அதை நான்தான் சரிசெய்தேன் என்று காஞ்சனாவிடம் கட்டாயம் சொல்லுவேன்.

உன் மச்சான்,
துரை