தாலாய்பெக் குறுக்கே விழுந்தான்

புருலின் அப்பாவுக்கு,

பேசினால் குரல் உடைகிறது, அதனால் போனில் எழுதுகிறேன். நம் மகள் புருலுக்குக் கையில் மட்டும்தான் கட்டு.

கொரோனாவுக்குப் பிறகு பிஷ்கேக் நகரத்தில் எல்லாரும் வீட்டிலிருந்தே சாமான் வாங்குகிறார்கள். அவள் பைக்கில் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். நேற்று சந்தை வாசலில், இதனால் பிழைப்பு போன சாமான் வண்டிக்காரர்கள் அவளைக் கீழே தள்ளி மிதித்தார்கள்.

"எங்க வயித்துல அடிக்கிறியாடா?" என்று முதலில் கம்பியை இறக்கியவன் உங்கள் தம்பி தாலாய்பெக். ஹெல்மெட்டுக்குள் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை.

"சித்தப்பா, நான்தான்!"

கம்பியை எறிந்துவிட்டு அவள்மேல் குப்புற விழுந்தான். "நிறுத்துங்கடா, எங்க வீட்டுப் பொண்ணு!" என்று கத்தினான். அவர்கள் நிறுத்தவில்லை. கடைசிவரை அவன் எழவில்லை.

நம் வழக்கப்படி முற்றத்தில் கம்பளக் கூடாரம் போட்டு அவன் உடலைக் கிடத்தியிருக்கிறோம். மகள் அவன் பக்கத்தைவிட்டு நகரவில்லை. முறைப்படி கூடார வாசலில் நின்று அழ அண்ணன் வேண்டும். கிளம்பி வாருங்கள்.

உங்கள் மனைவி