பாத்ரூம் ஈரம் 91

9 ஜூன் 2008, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. வாங்க வேண்டியது: தனியா, கேஸ் லைட்டர், பென்சில் செல் 12.

செல் எல்லாம் டப்பாக்களுக்கு. இவர் ஆபீஸ் வேலையாக ஜெர்மனி போனபோது வாங்கிவந்து மார்ச்சில் மாட்டியவை. வெள்ளை, தீப்பெட்டி அளவு, ஆறு. அறையில் சூடு எவ்வளவு, காற்றில் ஈரம் எவ்வளவு என்று ஒயர் இல்லாமலே ஹால் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இவர் வைட்ஃபீல்ட் ஆபீஸில் உட்கார்ந்து அதைப் பார்ப்பார்.

பதினொன்றுக்கு போன். கிச்சனில் ஈரம் 80 தாண்டிவிட்டதாம், எக்ஸாஸ்ட் போடவில்லையா என்று. இட்லி வெந்தால் ஆவி வராமல் என்ன வரும்? கேட்கவில்லை. "போடறேங்க" என்றேன். என் மேலேயே எரிச்சல்.

10, செவ்வாய்

வேலைக்கு வரும் ரத்னம்மா பாத்ரூம் கழுவ மாட்டேன் என்றாள். கதவுக்கு மேலே இருக்கும் டப்பாவைக் காட்டி, "என்னக்கா இது, கேமராவா?" கேமரா இல்லை, ஈரம் மட்டும் பார்க்கும் என்றேன். அப்படியானால் நாம் குளிப்பது சாருக்குத் தெரியுமா என்றாள். தெரியும்தான். அதன் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுக் கழுவினாள். எனக்கு இத்தனை நாள் இது தோன்றவில்லை.

நாள் தள்ளி இன்றோடு ஒன்பது. இவரிடம்கூடச் சொல்லவில்லை. கல்யாணமாகி நாலு வருஷம். சொல்லிச் சொல்லி ஏமாந்தாயிற்று. நிச்சயமானதும் சொல்லலாம்.

12, வியாழன்

வந்துவிட்டது.

வெந்நீரைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் கீழே உட்கார்ந்திருந்தேன். அழுதேன். வெளியே வருவதற்குள் போன் நாலு தடவை அடித்து ஓய்ந்தது. ஐந்தாவதில் எடுத்தேன். "பாத்ரூம் தொண்ணூத்தொண்ணு காட்டுது. கீசரை ஆஃப் பண்ணலியா?" மறந்துவிட்டேன் என்றேன்.

சாயந்திரம் வேலூரிலிருந்து அத்தை போன், இவருடைய அம்மா. "என்னம்மா, இந்த மாசமும் தலைக்கு ஊத்திக்கினியாமே?" அதற்கு எங்கள் வீடுகளில் ஒரே அர்த்தம்தான். என் வாயிலிருந்து யாருக்கும் போகாத சேதி, ஆறு மணிக்குள் வேலூர் போய்விட்டது.

13, வெள்ளி

நேரே கேட்டேன். மறைக்கக்கூட இல்லை மனுஷன். கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். பாத்ரூம் கோடு: தினமும் காலையில் சின்ன மேடு, மாதத்தில் இரண்டு மூன்று நாள் நேரங்கெட்ட நேரத்தில் பெரிய மேடு, அதுதான் என் மாதவிலக்காம். மூன்று மாதமாக அம்மாவுக்குச் சொல்லிவருகிறாராம். "உன்கிட்ட கேட்டா நீ வருத்தப்படுவே. அதான் இதப் பாத்துச் சொல்றேன். வெறும் டேட்டாதானே." இதற்குப் பெயர் அக்கறையாம்.

சோறு போடவில்லை. தானே போட்டுச் சாப்பிட்டான். சாப்பிட்டான்தான், மரியாதை எழுத வரவில்லை.

14, சனி

அவனுக்கு லீவு, வீட்டில் இருந்தான். பாத்ரூம் டப்பாவைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டேன். பாத்ரூம் ஏன் திடீரென்று காய்ந்துவிட்டது என்று வீடெல்லாம் தேடினான். சிரிப்பு வந்தது, பாழாய்ப்போன சிரிப்பு. கண்டுபிடித்துவிட்டான். திரும்ப ஒட்ட வேண்டும், தன் டிராயரில் டேப் இருக்கும், எடு என்றான்.

டேப்புக்கு அடியில், குழந்தைக்காகப் பார்க்கப்போன டாக்டரம்மா பிப்ரவரியில் எழுதிய சீட்டு. எனக்கு எழுதிய டெஸ்ட் எல்லாம் அப்போதே எடுத்தாயிற்று, ஒரு குறையும் இல்லை. இது இவனுக்கு எழுதியது. "போய் எடுத்தேன், நார்மல்" என்று என்னிடமும் அத்தையிடமும் சொன்னானே. சீட்டின் மடிப்புகூடக் கலையவில்லை. லேப் பக்கமே போகவில்லை, அடப்பாவி. கிச்சன், ஹால், பாத்ரூம் எல்லாவற்றையும் அளப்பான், தன்னை மட்டும் அளக்க மாட்டான்.

டேப்பைக் கொடுத்தேன். சீட்டை நான் வைத்துக்கொண்டேன்.

15, ஞாயிறு

வெயில். அத்தையின் ஞாயிற்றுக்கிழமை போன். இவன் ஸ்பீக்கரில் போட்டான். எனக்கு ஏதோ பரிகாரம், ஒன்பது வெள்ளிக்கிழமை விளக்கு. முழுவதையும் சொல்லவிட்டேன்.

"அத்தை, உங்க பையனுக்கு டாக்டர் ஒரு டெஸ்ட் எழுதிக் குடுத்து நாலு மாசம் ஆச்சு. எடுக்கவே இல்ல. எடுத்தேன், நார்மல்னு உங்ககிட்டயும் பொய், என்கிட்டயும் பொய். சீட்டு என் கையில இருக்குது."

அத்தை கேட்டது என்னை இல்லை, அவனை: "டேய் குமரா, நாளைக்குப் போறியா, இல்ல நான் பஸ் ஏறி வரட்டுமா?"

போகிறேன் என்றான். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "என் மானத்த வாங்கிட்டியே" என்கிறான்.

என் சமாச்சாரம் மாதாமாதம் வேலூர் போனால் டேட்டா. இவன் சமாச்சாரம் ஒரே தடவை போனால் மானம்.